கடல் தாண்டும் சாமான்கள்

சிங்கப்பூருக்குப் போகிறேன் என்று ஒருவரிடம் சொன்னால் ஒன்பது பேரிடம் சொன்ன மாதிரி. பெட்டியில் வேஷ்டியும் சட்டையும் அடுக்கி முடிப்பதற்குள் நான்காய் மடித்த சீட்டுகள் வந்து சேர்ந்துவிடும். என் தகப்பனார் தலைமுறையில் அந்தச் சீட்டுகளில் கோடாலித் தைலமும் நைலக்ஸ் புடவையும் டார்ச் விளக்கும் இருந்தன என்று கேள்வி. அப்புறம் டேப் ரிக்கார்டர் வந்தது. என் காலத்துச் சீட்டுகள் மனுஷ பாஷையிலேயே இல்லை. ‘டி.டி.ஆர். 2 - 800 - 2 ஜி.பி. - இரண்டு எண்ணம்’ என்று எழுதியிருக்கும். முதல் தடவை அப்படி ஒன்றைப் பார்த்தபோது, யாருடைய ஜாதகக் குறிப்போ கை மாறி வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

இவை கம்ப்யூட்டரின் உறுப்புகளுடைய பெயர்கள். கம்ப்யூட்டர் என்பது குத்துவிளக்கு மாதிரி, அம்மி மாதிரி ஒரே பொருள் அல்ல. உள்ளே ஒரு பலகை. அதன்மேல் கணக்குப் போடுகிற சில்லு ஒன்று. பக்கத்தில் ஞாபகத்துக்கு மெல்லிய பட்டைகள். எழுதியதையெல்லாம் சேமித்து வைக்கச் சுழலும் தட்டுகள் அடங்கிய ஒரு பெட்டி. இத்தனைக்கும் சோறு போட மின்சாரப் பெட்டி ஒன்று. ஒவ்வொன்றையும் ஒவ்வொரு தேசத்தில் செய்கிறார்கள். தனித்தனியே வாங்கி, திருப்புளியால் இறுக்கி, ஒரு குடும்பமாக உட்கார வைத்துவிடலாம். சென்னையில் மவுண்ட் ரோடை ஒட்டிய ரிச்சி தெருவில் இந்தக் காரியத்தை நின்றபடியே பத்து நிமிஷத்தில் செய்து கொடுக்கிற பையன்கள் இருக்கிறார்கள். பிரித்து வாங்கக் கூடியதாக இருப்பதால்தான் சீட்டு வருகிறது. முழு யந்திரத்தைச் சுமந்து வா என்று யாரும் சொல்ல மாட்டார்கள். உள்ளங்கை நீளத்துக்கு ஒரு பட்டையை வாங்கி வா என்றால் எப்படி மறுப்பது?

இந்தச் சுமத்தலுக்குச் சென்னையில் ஒரு பரம்பரையே உண்டு. ‘குருவி’ என்று அவர்களுக்குப் பெயர். யாரோ எடுத்துக் கொடுத்த டிக்கெட்டில் சிங்கப்பூருக்குப் பறந்து, யாருக்காகவோ சாமான் சுமந்து, கூலி வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறவர்கள். அவர்கள் கொண்டு வந்தது பர்மா பஜாரில் பரவும். பர்மாவில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்களுக்காகக் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே ஏற்பட்ட கடை வரிசை அது. ஒரு சர்க்கார் தன் கதவை எவ்வளவு இறுக்கிச் சாத்தியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள அரசாங்க அறிக்கைகளைப் படிக்க வேண்டாம்; எத்தனை குருவிகள் பறக்கின்றன என்று எண்ணினால் போதும் என்று எனக்கு ஓர் எண்ணம்.

1984 நவம்பரில் கம்ப்யூட்டர் கொள்கை என்று ஒன்று வந்து, கதவு கொஞ்சம் திறந்தது. 1991-க்குப் பிறகு இன்னும் திறந்தது. 1997-ல் உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தம் ஒன்றில் இந்தியா சேர்ந்து, 2005-க்குள் கம்ப்யூட்டர் சாமான்களில் பெரும்பாலானவற்றுக்கு அடிப்படைச் சுங்க வரியே இல்லை என்று ஆயிற்று. அப்படியானால் சீட்டுகள் நின்றிருக்க வேண்டுமே என்பீர்கள். நிற்கவில்லை. மற்ற வரிகள் இருந்தன. இறக்குமதி செய்கிறவர், மொத்த வியாபாரி, சில்லறைக் கடைக்காரர் என்று ஒவ்வொருவர் கையிலும் விலை கொஞ்சம் ஏறியது. போதாததற்கு ரூபாய் வேறு அவ்வப்போது சறுக்கிக்கொண்டிருந்தது. இதிலே ஒரு வேடிக்கை. கப்பலில் பெட்டி பெட்டியாக வந்தால் அடிப்படைச் சுங்கம் கிடையாது. அதே சாமான் என் கைப்பெட்டியில் வந்து, பிரயாணிக்கு அனுமதித்த தொகைக்கு மேல் போனால், 2012-ல் நூற்றுக்கு 36 கட்ட வேண்டும். வியாபாரியை நம்பலாம், பிரயாணியை நம்பக் கூடாது என்று சட்டம் எழுதினவர் எந்தக் குருவியிடம் என்ன பட்டாரோ!

அந்த 2012-ல் எனக்கு வந்த சீட்டைப் பற்றித்தான் சொல்ல உட்கார்ந்தேன்.

கும்பகோணத்தில் ஓர் அம்மாள். என்னைவிட இருபது வயது மூத்தவர். நான் அக்கா என்று கூப்பிடுவேன். அவர் கணவர் ஈய எழுத்துக் கோத்த காலத்து மனிதர். சிறிய அச்சகம் ஒன்று வைத்திருந்தார். அவர் போன பிறகு, அக்கா நாற்பது வயதுக்கு மேல் கம்ப்யூட்டரில் அச்சுக் கோக்கப் பழகிக்கொண்டு, கல்யாணப் பத்திரிகை, காதணி விழா அழைப்பு, கோயில் கும்பாபிஷேக நோட்டீஸ் என்று அந்த வீட்டை நடத்திக்கொண்டிருந்தார். வருஷத்துக்கு ஒன்றிரண்டு புத்தகமும் வரும். என் நாவல்களில் இரண்டை அச்சுக் கோத்தது அவர்தான். பிழை திருத்துவதோடு நிற்க மாட்டார். “தம்பி, பதினோராம் அத்தியாயத்துல அவ மாமியாருக்கு உடம்பு சரியில்லன்னு எழுதிட்டு, பன்னெண்டுல அவங்களக் கோயிலுக்கு அனுப்பிட்டீங்களே” என்று போன் வரும். பதிப்பாளர்கள் இதற்குத் தனியாகச் சம்பளம் கொடுத்து ஆள் வைத்துக்கொள்ளலாம், வைத்துக்கொள்வதில்லை.

அந்த வருஷம் தமிழ்நாட்டில் மின்சாரம் இருந்த நிலைமையை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சென்னைக்கு ஒன்றிரண்டு மணி நேரம் வெட்டு. வெளியூர்களில் பல நாள் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேல். ஒரு மணி நேரம் வரும், ஒரு மணி நேரம் போகும். யு.பி.எஸ். பெட்டியின் பாட்டரி அரை வயிறு நிரம்புவதற்குள் மறுபடி போய்விடும். அக்கா விடியற்காலை இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் எழுந்து, இருக்கிற மின்சாரத்தில் மணமக்கள் பெயரைத் தட்டிக்கொண்டிருந்தார். நின்று நின்று ஓடியதில் அவருடைய யந்திரத்தின் ஹார்டு டிஸ்க் ‘டிக் டிக்’ என்று சப்தம் போட ஆரம்பித்துவிட்டது. அது எதன் அறிகுறி என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். தவிர, ஞாபகப் பட்டை போதாமல், முந்நூறு பக்கப் புத்தகத்தைத் திறந்தால் ஒரு காப்பி குடித்துவிட்டு வரலாம்.

ஹார்டு டிஸ்க் வாங்குவதற்கு அதைவிடக் கெட்ட வேளை வேறு இல்லை. 2011 அக்டோபரில் தாய்லாந்தில் பெருவெள்ளம். உலகத்துக்கு ஹார்டு டிஸ்க் செய்து கொடுத்த பெரிய தொழிற்சாலைகளும், அவற்றுக்கு உதிரி செய்து கொடுத்தவையும் பாங்காக்குக்கு வடக்கே ஆற்றுச் சமவெளியில் இருந்தன; தண்ணீரில் மூழ்கின. வெஸ்டர்ன் டிஜிட்டல் தொழிற்சாலையில் முக்குளிப்போரை இறக்கி யந்திரங்களை மீட்டார்கள். உலகம் பூராவும் விலை ஏறியது. விலை ஏறியது மட்டுமா? அந்த வருஷக் கடைசியோடு, சில வகை டிஸ்குகளுக்கு உத்தரவாத காலத்தையும் குறைத்துவிட்டார்கள். வெஸ்டர்ன் டிஜிட்டல் மூன்று வருஷத்தை இரண்டாக்கியது; சீகேட் சிலவற்றுக்கு ஒன்றே ஒன்று என்றது. சாவ் பிரயா நதியில் வெள்ளம் வந்ததற்குக் காவேரிக் கரையில் ஒரு விதவை கூடுதலாகப் பணம் எண்ண வேண்டியிருந்தது. நாம் ஊரில் ‘விலைவாசி’ என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம்.

அக்காவின் சீட்டில் மூன்று ஐட்டம். பட்டை இரண்டு, டிஸ்க் ஒன்று, முடிந்தால் ஓர் எஸ்.எம்.பி.எஸ். சீட்டோடு ஒரு கவரில் பணம், ரப்பர் பாண்டு போட்டு. நூறு ரூபாய் நோட்டுகள்தான் அதிகம். அந்த மாதிரிப் பணத்தை வாங்கிப் பையில் வைத்துக்கொள்வது கொஞ்சம் கனமான காரியம்.

எதைக் கடல் தாண்டி வாங்கலாம், எதை வாங்கக் கூடாது என்பதில் எனக்குக் கொஞ்சம் ஞானம் ஏற்கெனவே இருந்தது. கல்லூரியில் இரண்டு வருஷத்தோடு வெளியே வந்தவன் நான். பெளதிகம் அதற்குள் எவ்வளவு ஒட்டுமோ அவ்வளவுதான் ஒட்டியது. இது பெளதிகத்தால் வந்த ஞானம் அல்ல, ஒரு வெடிச் சப்தத்தால் வந்தது.

2001-ல் மாம்பலத்தில் ஓர் உறவினர் வீட்டில் நடந்தது. அவர்கள் மாப்பிள்ளை நியூ ஜெர்ஸியிலிருந்து ஒரு கம்ப்யூட்டரை அட்டைப் பெட்டியோடு கொண்டு வந்திருந்தார். சந்தனம் குங்குமம் எல்லாம் வைத்தாயிற்று. அமெரிக்க வயரின் தட்டையான கால் நம் சுவரில் நுழையாது அல்லவா? தெருமுனைக் கடையில் ஓர் அடாப்டர் வாங்கி வந்து சொருகினார்கள். பத்துப் பேர் சுற்றி நிற்க, பொத்தானை அழுத்தினார்கள். தீபாவளிக் காலையில் கேட்கிற மாதிரி ஒரு சப்தம். பின்பக்கத்திலிருந்து வெள்ளைப் புகை. வீடு பூராவும் மீன் பொசுங்கினாற் போல ஒரு நாற்றம். ஆசாரமான வீடு. பாட்டி மூக்கைப் பொத்திக்கொண்டு கொல்லைப் பக்கம் போனவர் சாயங்காலம்தான் உள்ளே வந்தார்.

அடாப்டர் காலை மாற்றும், மின்சாரத்தை மாற்றாது. அமெரிக்காவில் வீட்டுக்கு வருவது 120 வோல்ட். நமக்கு 230. அந்தக் காலத்து எஸ்.எம்.பி.எஸ். பெட்டிகளின் முதுகில் சிவப்பாக ஒரு சின்னத் தள்ளு பொத்தான் இருக்கும். ஒரு பக்கம் 115, மறு பக்கம் 230. பொத்தான் 115-ல் இருக்கும்போது, வருகிற மின்சாரத்தை இரட்டிப்பாக்கி எடுத்துக்கொள்ளும்படி உள்ளே ஏற்பாடு. நம் மின்சாரமோ ஏற்கெனவே இரண்டு பங்கு. அதை அது மறுபடி இரட்டித்தது. உள்ளே இருந்த கெபாசிட்டர்கள் தாங்கவில்லை. மறுநாள் ரிச்சி தெருவில் வேறு எஸ்.எம்.பி.எஸ். வாங்கிப் பொருத்தினார்கள்; மற்ற உறுப்புகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு விரல் நகத்தால் தள்ளியிருக்க வேண்டிய பொத்தான்! இப்போது வருகிற பெட்டிகள் பெரும்பாலும் 100 முதல் 240 வரை எது கிடைத்தாலும் தாமே சமாளித்துக்கொள்கின்றன. லேபிளில் எழுதியிருக்கும், பார்த்துக்கொள்ளலாம். 60 சுற்றா, 50 சுற்றா என்கிற பேதமும் அவற்றுக்குக் கிடையாது; உள்ளே வந்ததும் முதல் வேலையாக நேர் மின்சாரமாக மாற்றிவிடுகின்றன. ஆனால் அமெரிக்க யு.பி.எஸ். இங்கே பிரயோஜனமில்லை. உள்ளே சூடேற்றிக் கம்பி வைத்த லேசர் பிரிண்டரும் அப்படியே.

கண்ணுக்குத் தெரியாத பூட்டுகளும் உண்டு. சினிமாத் தட்டு ஓட்டுகிற டி.வி.டி. டிரைவ் இருக்கிறதே, அதற்கு உலகத்தை மண்டலங்களாகப் பிரித்து வைத்திருந்தார்கள். அமெரிக்கா 1, சிங்கப்பூர் 3, இந்தியா 5. வாங்குகிறவர் மண்டலத்தை மாற்றிக்கொள்ளலாம், ஐந்தே தடவைதான். ஐந்தாவது தடவை எங்கே நின்றதோ அந்தத் தேசத்துப் பிரஜையாகவே அது காலம் தள்ள வேண்டும். மனிதர்களுக்கே இத்தனை தடவை குடியுரிமை மாற்ற அனுமதி கிடையாது என்று பார்க்கும்போது, தாராளம்தான்.

சிங்கப்பூரைப் பொறுத்தவரை மின்சாரத் தொந்தரவு இல்லை. அங்கேயும் 230 வோல்ட், 50 சுற்று. கால் மட்டும் வேறு; சப்பையாக மூன்று கால், வயிற்றுக்குள் ஒரு ஃப்யூஸ். வயரை இங்கே நாற்பது ஐம்பது ரூபாய்க்கு வாங்கிக்கொள்ளலாம். ஆகவே எஸ்.எம்.பி.எஸ். வாங்கலாமா என்றால், அது இரண்டு கிலோ செங்கல். விமானக் கம்பெனிக்காரனுக்கு அழுகிற பணத்தில் கும்பகோணத்திலேயே வாங்கிவிடலாம். அதை அடித்துவிட்டேன். மிச்சம் பட்டையும் டிஸ்கும்.

சிம் லிம் ஸ்குவேர் என்பது 1987-ல் திறந்த ஆறு மாடிக் கட்டடம். சிராங்கூன் ரோட்டில் இட்லி சாப்பிட்டுவிட்டு மெதுவாக நடந்தால், சாம்பார் மணம் கையை விட்டுப் போவதற்குள் வந்துவிடும். உள்ளே நூற்றுக்கணக்கில் கடைகள். ஒவ்வொன்றும் நம் ஊர் வெற்றிலைப் பாக்குக் கடையைவிடக் கொஞ்சம் பெரிசு. கீழ் மாடிகளில் காமிராவும் போனும். அங்கே பல கடைகளில் விலை எழுதியிருக்காது; உங்கள் முகத்தைப் பார்த்து எழுதுவார்கள். அங்கே ஏமாறாதே, மேலே ஏறு என்று ஊர்க்காரர்கள் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவர்கள் சொன்னதற்கு அர்த்தம் இரண்டு வருஷம் கழித்து உலகத்துக்கே தெரிந்தது. 2014 நவம்பரில், அந்தக் கட்டடத்தில் ஒரு கடையில், வியட்நாமிலிருந்து வந்த ஒரு தொழிலாளி தன் பணத்தைத் திருப்பிக் கேட்டு மண்டி போட்டு அழுதார். தன் காதலிக்கென்று போன் வாங்க வந்த மனிதர். விலை கொடுத்த பிறகு, உத்தரவாதத்துக்கென்று அதைவிடப் பெரிய தொகை கேட்டிருக்கிறார்கள். அந்தப் படத்தை யாரோ எடுத்துப் பரப்ப, ஊரே கொதித்தது. கடை முதலாளி மறு வருஷம் சிறைக்குப் போனார். பல மாதக் கூலியைப் பையில் வைத்துக்கொண்டு அந்நிய தேசத்துக் கடையில் நிற்கிற மனிதனுக்கு முழங்காலைத் தவிர வேறு வழக்கறிஞர் இல்லை. அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கு ரப்பர் பாண்டு போட்ட நூறு ரூபாய்க் கட்டு ஞாபகம் வந்தது.

மேல் மாடிகள் வேறு ஜாதி. அங்கே ஒவ்வொரு கடை வாசலிலும் விலைப் பட்டியல், தாளில் அச்சடித்து, கட்டாக வைத்திருந்தார்கள். பொடி எழுத்து, இரண்டு பக்கமும் நெருக்கி. சினிமாக் கொட்டகையில் பாட்டுப் புத்தகம் எடுத்துக்கொள்கிற மாதிரி ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டு, ஒரு கடைத் தாளை இன்னொரு கடைத் தாளோடு ஒப்பிட்டபடி நடக்கிறார்கள். பேரம் இல்லை, பேச்சு இல்லை. எனக்கு என்னவோ போல் இருந்தது. பேரம் பேசாமல் வாங்கின சாமான் ராத்திரி தூங்க விடுமா?

ஒரு கடையில் தமிழ்ப் பையன். இருபத்தைந்து வயது இருக்கலாம். அங்கேயே பிறந்து வளர்ந்தவன் என்று பேச்சிலேயே தெரிந்தது. நான் அக்கா கொடுத்திருந்த பழைய பட்டையை எடுத்து நீட்டினேன். வெள்ளி நிறக் கவரில் போட்டுக் கொடுத்திருந்தார். சாதாரணப் பிளாஸ்டிக் பையில் போட்டால் உராய்வு மின்சாரத்தில் சில்லு செத்துவிடும் என்று உள்ளூர் மெக்கானிக் சொல்லியிருந்தாராம். மாதிரிக்குப் பழையதைக் கொண்டு போனது எவ்வளவு நல்லது என்று அங்கே தெரிந்தது. டி.டி.ஆர். 2-க்கும் 240 கால், டி.டி.ஆர். 3-க்கும் 240 கால். நீளம்கூட ஒன்றுதான். நடுவே ஒரு சின்ன வெட்டு. அது இரண்டிலும் வேறு வேறு இடத்தில். மாற்றி வாங்கினால் பலகையில் உட்காராது. அதிலும் பழைய வகையான 2, புதிய வகையான 3-ஐவிட விலை அதிகம்! செய்கிறவர்கள் குறைந்துவிட்டார்களாம். ஈய எழுத்துக்கும் கடைசிக் காலத்தில் அப்படித்தான் ஆயிற்று என்று அக்கா பிறகு சொன்னார்.

பையன் இரண்டு பட்டையை எடுத்து வைத்தான். “இதுக்கு லைஃப்டைம் வாரண்டி அண்ணே” என்றான்.

“யார் லைஃப்? என் லைஃபா, பட்டையோட லைஃபா?”

சிரித்தான். “கம்பெனி லைஃபுன்னு வச்சிக்குங்க. இது லேசில போகாது. உள்ள சுத்துறது ஒண்ணும் இல்ல.”

டிஸ்க் என்றேன். அவன் கை அலமாரிப் பக்கம் போகவில்லை. “எந்த ஊர்ல போட்டு ஓட்டப் போறீங்க?” என்று கேட்டான்.

சொன்னேன்.

“அப்ப இத இங்க வாங்காதீங்க அண்ணே. நா எடுத்துக் குடுக்கிற டிஸ்குக்கு வாரண்டி இங்கதான். கெட்டுப் போச்சுன்னா நீங்க இங்க கொண்டு வரணும், இல்ல அனுப்பி வைக்கணும். நிமிஷத்துக்கு ஏழாயிரம் சுத்து சுத்துற சாமான். எப்ப போகும்னு எவனும் சொல்ல முடியாது. உங்க ஊர்ல கரண்டும் சரியில்லன்னு சொல்றாங்க.”

வியாபாரி தன் வாயால் தன் சரக்கை வாங்காதே என்று சொல்வதை நான் கதைகளில்கூட எழுதியதில்லை. எழுதினால் நம்ப மாட்டார்கள். ஆனால் தீர்மானம் செய்ய வேண்டியது நான் அல்ல; பணம் என்னுடையது அல்லவே. வாசலுக்கு வந்து கும்பகோணத்துக்குப் போன் செய்தேன். விலை வித்தியாசத்தைச் சொன்னேன். அன்றைக்கு ஒரு வெள்ளி ஏறக்குறைய 44 ரூபாய். ஊரில் கேட்ட விலையைவிட டிஸ்கில் எண்ணூறு ரூபாய்க்கு மேல் மிச்சம். அக்காவுக்கு எண்ணூறு ரூபாய் என்பது இரண்டு கல்யாணப் பத்திரிகையின் கூலி. பையன் சொன்னதையும் சொன்னேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சப்தமில்லை. மின்விசிறி ஓடுகிற ஓசை மட்டும் கேட்டது. கரண்டு இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

“வேண்டாம் தம்பி. இங்க வாங்கிக்கறேன். கெட்டுப் போனா அவன் கடை வாசல்ல போய் உக்காரலாம். சிங்கப்பூர்ல யார் வாசல்ல போய் உக்கார்றது?”

பட்டைகள் இரண்டும் 92 வெள்ளி. பில் போடும்போது பையன், 100 வெள்ளிக்கு மேல் வாங்கினால் அவர்கள் ஊர் வரி 7 சதத்தை விமான நிலையத்தில் திருப்பி வாங்கிக்கொள்ளலாம், எட்டு வெள்ளிக்கு ஒரு மவுஸ் எடுத்துக்கொள்ளுங்கள் என்றான். எட்டு கொடுத்து ஆறரையை மீட்பது, அதிலும் அவர்கள் ஏதோ கமிஷன் பிடிப்பது எல்லாவற்றையும் விலைப் பட்டியலின் ஓரத்தில் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றேன். அவனும் அந்தக் கணக்கை ஏற்கெனவே போட்டவன்தான் என்று அவன் சிரிப்பிலிருந்து தோன்றியது. என்ன இருந்தாலும் வியாபாரி.

மீனம்பாக்கத்தில் சுங்க இலாகா உத்தியோகஸ்தர் என் பெட்டியைத் திறக்கச் சொன்னார். அந்த வருஷ பட்ஜெட்டில்தான் பிரயாணிகளுக்கு வரியில்லாத வரம்பை 25,000 ரூபாயிலிருந்து 35,000 ஆக்கியிருந்தார்கள், எனக்குப் பயமில்லை. (அது பிறகு 2014-ல் 45,000 ஆகி, 2016-ல் 50,000 ஆயிற்று.) என்னுடைய புத்தகங்கள் பதினைந்து, கோடாலித் தைலம் ஆறு பாட்டில் - அந்தச் சீட்டும் வந்துகொண்டுதான் இருக்கிறது, வெள்ளிக் கவரில் பட்டை இரண்டு. அவர் பட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். “ராம்தானே? ரிச்சி ஸ்ட்ரீட்லயே கெடைக்குமே சார், இதுக்கா சிங்கப்பூர் போனீங்க?” என்றார். இலக்கியக் கூட்டத்துக்குப் போனேன் என்றேன். அதை அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

இந்த மாதிரி சுமத்தல் இப்போது ஒழிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். 2023 ஆகஸ்டில், மடிக் கம்ப்யூட்டர்களை இறக்குமதி செய்ய லைசென்ஸ் வேண்டும் என்று திடீரென்று ஓர் உத்தரவு வந்தது. கூச்சல் கிளம்பியதும் தள்ளிப் போட்டு, நவம்பரிலிருந்து பதிவு செய்துகொண்டு அனுமதி வாங்கினால் போதும் என்று மாற்றினார்கள். அதிலும் பிரயாணி பெட்டியில் கொண்டு வருவதற்கு விலக்குக் கொடுத்திருந்தார்கள். குருவிகளின் ஜாதகத்தில் எப்போதும் ஏதோ ஒரு கிரகம் உச்சத்தில் இருக்கிறது. இன்றைக்கும் அமெரிக்காவிலிருந்து வருகிற பிள்ளைகளின் பெட்டியில் விளையாட்டுக்கான கார்டு ஒன்று, காலுறைகளுக்கு நடுவே, யாரோ ஒரு சிநேகிதனுக்காகப் பிரயாணம் செய்துகொண்டிருக்கும்.

கும்பகோணத்தில் பட்டைகள் இரண்டும் பிசகில்லாமல் உட்கார்ந்தன. இரண்டாவது நாவலின் கோப்பை அக்கா திறந்து காட்டினார். காப்பி குடிக்க அவகாசமில்லை. டிஸ்கை ஊரிலேயே ஒரு கடையில் வாங்கினார். எண்ணூறு ரூபாய் கூடுதலாகக் கொடுத்துத்தான்.

எட்டு மாதம். 2013 வைகாசி முகூர்த்தங்களுக்கு முன்னால், வேலை தலைக்கு மேல் இருக்கிற சமயத்தில், அந்த டிஸ்கும் ‘டிக் டிக்’ என்றது. அப்புறம் அதுவும் இல்லை. கரண்டுதான் காரணமோ, அந்தச் சரக்கின் ராசிதானோ. அக்கா ஜாக்கிரதைக்காரர், ஒவ்வொரு ராத்திரியும் வேலையைத் தனியே ஒரு பென் டிரைவில் ஏற்றி, பூஜை அலமாரியில் வைத்துவிடுவார், ஆகவே எழுத்து போகவில்லை. யந்திரம்தான் நின்றது. உத்தரவாதம் இருந்தது. ஆனால் கடைக்காரர் சென்னைக்கு அனுப்பி, சென்னையிலிருந்து கம்பெனி மாற்றுக் கொடுத்து, அது திரும்பி வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். கல்யாணங்கள் மூன்று வாரம் காத்திருக்குமா?

அக்கா சொன்னபடியே செய்தார். காலை பத்து மணிக்குக் கடைக்குப் போய், வாசலில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். சண்டை போடவில்லை. குரலை உயர்த்தவில்லை. பையிலிருந்து மெய்ப்புத் தாள்களை எடுத்துப் பிழை திருத்திக்கொண்டிருந்தாராம். வருகிற போகிற வாடிக்கைக்காரர்களில் பாதிப் பேருக்கு அக்காவைத் தெரியும். அவர்கள் வீட்டுப் பத்திரிகை அடித்தவர். ஒவ்வொருவரும் “என்னக்கா, இங்க?” என்று கேட்க, அக்காவும் ஒவ்வொருவருக்கும் நடந்ததை நடந்தபடி சொல்லியிருக்கிறார். பன்னிரண்டரை மணிக்குக் கடைக்காரர் எழுந்து உள்ளே போனார். தன் கடைக் கணக்குப் போடுகிற கம்ப்யூட்டரைத் திறந்து, அதிலிருந்த டிஸ்கைக் கழற்றிக் கொண்டு வந்தார். கணக்கை மூன்று வாரம் நோட்டில் எழுதிக்கொள்கிறேன் என்றாராம். அவர் பெண்ணுக்கும் அந்த ஆவணியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, பத்திரிகை அக்காவிடம்தான்.

அந்த டிஸ்கை நான் பார்த்தேன். மேலே கறுப்பு மையால், பெரிய எழுத்தில், ‘இரவல்’ என்று எழுதியிருந்தது. வைகாசியில் பதினான்கு கல்யாணப் பத்திரிகைகளும் ஒரு கும்பாபிஷேக நோட்டீஸும் அதிலிருந்துதான் அச்சுக்குப் போயின.